பதினான்கு சென்ரிமீற்றர்

அன்று காலையும் கம்பியை இறக்கியவர் சிமியோன். அளவைப் படித்தவள் மகள் றொசாந்தி. தகப்பனுக்கு வலது கண்ணில் புகைபடர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. அதனால் சனிக்கிழமைகளில் அவள் வந்து நிற்பாள்.

குருநகரில் மீனவர் சங்கம் வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் விற்கும் செட் அது. தாங்கி நிலத்துக்கடியில் படுத்திருக்கும் உருளை. பித்தளைக் கம்பியில் வெண்கட்டியைத் தேய்த்து உள்ளே விடுவார். எண்ணெய் தொட்ட இடம் வரை வெள்ளை கறுத்து வரும்.

"என்ன சொல்லுது, பிள்ளை?"

"பதினாலு."

சிமியோன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாலு என்றால் முடிந்துவிட்டது. உறிஞ்சு குழாயின் வாய் தாங்கியின் அடியிலிருந்து பதினான்கு சென்ரிமீற்றர் மேலே நிற்கிறது. அதற்குக் கீழே கிடப்பது தண்ணீரும் சேறும் கலந்த எண்ணெய். பம்ப் இழுக்காது. இழுத்தாலும் எஞ்சின் குடிக்காது.

"சிவப்புக் கோடு இன்னும் போடேல்லை, அப்பா."

"பெயின்ற் கடை பூட்டிக் கிடக்கு, பிள்ளை. முதலாளி பெற்றோல் லைனிலை நிக்கிறான். பின்னேரம் போய் வாங்குறன்."

கோடு அவளுடைய யோசனை. செட்டின் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையும் அவளுடையதே. இயந்திரவியல் டிப்ளோமா முடித்த வருடம் போட்டது: கம்பியில் இத்தனை சென்ரிமீற்றர் என்றால் தாங்கியில் இத்தனை லீற்றர். பூச்சியத்தில் தொடங்கி உச்சி வரை ஒழுங்காக எழுதினாள். எடுக்க முடியாத எண்ணெய் எது என்று மட்டும் எழுதவில்லை. இரண்டு கிழமைக்கு முன்தான் அது கண்ணில் பட்டது. கம்பியில் பதினாலில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கோ, அட்டவணையை நான் மாற்றி எழுதித் தாறன் என்றாள். ஓம் என்றார்.

சிமியோனுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தொன்பது வயது வரை கடல். எஞ்சின் விசிறி இடக்கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனபின் கரைக்கு வந்து பம்ப் பிடித்தார். உடம்பில் மண்ணெண்ணெய் மணம் போகாது என்று பூசைக்குப் போனால் கடைசி வாங்கிலேயே இருப்பார். யுத்தத்தில் எண்ணெய்க்குத் தடை போட்ட நாட்களையும் கண்டவர். இந்த ஆனி மாதம் வரிசை நீண்டபோது ஒருநாள் சொன்னார்: "அப்ப எண்ணெய் இருந்தது, விடேல்லை. இப்ப விடினம், எண்ணெய் இல்லை."

வெளியே கான்களைக் கயிற்றில் கோத்துப் போட்டு நாலு நாளாய்க் காத்திருந்தார்கள். முதல் ஆள் ஜெரிசன், பக்கத்து ஒழுங்கைக்காரன். அவனுடைய வள்ளம் கடலுக்குப் போய் இருபது நாள். வழக்கமாக அவன்தான் பகிடி தொடங்குவான்.

"சிமியோன் அண்ணை, உங்களைப் பிழிஞ்சாலே ஐஞ்சு லீற்றர் வருமே!"

"பிழி, பிழி. பங்கீட்டுத் துண்டு கொண்டந்தனியோ?"

அன்று பகிடி இல்லை.

"தம்பியவை, முடிஞ்சுது. இனி எண்ணெய்ப் பவுசர் வந்தாத்தான்."

"பவுசர் எப்ப?"

"கப்பல் வந்தால்."

"கப்பல் எப்ப?"

சிமியோன் கேற்றின் கொளுக்கியைப் போட்டார்.

"கம்பியைக் காட்டுங்கோ" என்றான் ஜெரிசன்.

இருபத்திரண்டு வருடமாக, ஒருவரும் சந்தேகப்படக் கூடாது என்று, வரிசையில் முதலில் நிற்பவனுக்குக் கம்பியைக் காட்டிவிட்டுத்தான் அவர் எதுவும் செய்வார். துடைத்துவிட்டிருக்கலாம். துடைக்கவில்லை. கேற்றுக்கு மேலால் நீட்டினார்.

ஜெரிசன் கறுத்த இடத்தைப் பார்த்தான். கேற்றைத் தாண்டி வந்து கதவில் இருந்த அட்டவணையில் விரலை ஓட்டினான்.

"பதினாலெண்டால் இருநூற்றெண்பத்து நாலு லீற்றர்! ஆளுக்கு இருபது குடுத்தால் பதினாலு வள்ளம் போகும். உங்கடை மகளின்ரை எழுத்துத்தானே இது? ஆருக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"அது அடித்தண்ணி. பம்ப் இழுக்காதடா தம்பி."

"இழுக்காதோ, இழுக்க விடமாட்டியளோ?"

"அட்டவணை பிழை!" றொசாந்தி கத்தினாள். "நான்தான் பிழையா எழுதினனான். குழாய் அதுக்கு மேலைதான் நிக்குது."

"படிச்ச பிள்ளைக்கு இண்டைக்குத்தான் பிழை தெரியுது!" என்றது ஒரு குரல். பின்னாலிருந்து இன்னொன்று: "பிழியுங்கோடா உவரை!"

கேற் விழுந்தது. முதலில் வந்த கல் சிமியோனின் வாயில் பட்டது. ஜெரிசன் கம்பியைப் பிடித்து இழுத்தான். அவர் விடவில்லை. மூன்று விரலால் பிடித்திருந்தார். கம்பி அவன் கைக்குப் போனதும் காதுக்கு மேலே முதல் அடி விழுந்தது. பெரிய சத்தமில்லை. இரண்டாவது அடி அதே இடத்தில். மூன்றாவதில் கம்பி வளைந்தது. றொசாந்தி அவனுடைய கையைக் கடித்தாள். யாரோ அவளைத் தலைமயிரில் பிடித்துப் பம்பில் மோதினார்கள். தடுக்க நீட்டிய அவளுடைய மணிக்கட்டில் எலும்பு முறிந்தது.

சிமியோன் விழுந்தது தாங்கியின் மூடிக்கு மேல். அவர்களுக்கு மூடி திறக்கவேண்டும். சேட்டின் கழுத்தில் பிடித்து இழுத்தபோது பின்தலை சீமெந்து விளிம்பில் அடித்தது. தாங்கியின் திறந்த வாய்க்குள் கைப்பம்பை இறக்கினார்கள். நிரம்பிய கான்களோடு அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவன் தாண்டாமல் மிதித்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரி ஒன்றரை மைல்கூட இல்லை. றொசாந்தி மூன்று ஓட்டோக்காரரைக் கேட்டாள். ஒன்றிலும் பெற்றோல் இல்லை. மீன்பெட்டி ஏற்றும் தள்ளுவண்டியில் தகப்பனைக் கிடத்தி ஒற்றைக் கையால் தள்ளினாள். ஒரு கிழவர் மற்றப் பக்கம் பிடித்தார். பாதி வழியில் சிமியோனின் மூச்சு நின்றது.

அன்று பின்னேரமே ஆறு வள்ளங்கள் இறங்கின. மண்டைதீவைத் தாண்டுமுன் ஆறின் எஞ்சின்களும் செத்தன. ஞாயிறு பொலிசார் ஜெரிசனைப் பிடித்தார்கள். திங்கள் விடிய சிமியோன் வீட்டுப் படலையில் ஒரு வெள்ளைக் கான் இருந்தது. வைத்தவர் யாரென்று தெரியவில்லை. மேலே எண்ணெய், கீழே தண்ணீர், இரண்டுக்கும் இடையில் நேரான கோடு. றொசாந்தி அடிமட்டம் வைத்துப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். தாய் யோசப்பின் வந்து அதைக் காலால் உதைத்துக் கவிழ்த்தாள்.

கம்பி பொலிசில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த சேட்டின் பையில் அரை அங்குலத் தூரிகை ஒன்று, கடதாசி சுற்றியபடி இருந்தது. அதை எங்கேயோ முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார். சிவப்புப் பெயின்ற், ஆகச் சின்ன ரின் ஒன்று, வாங்கத்தான் கடை திறந்திருக்கவில்லை.