குக்கருக்குச் சளி

நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கூச்சம் அப்படி. இருமினால் மட்டும் தெருமுனை வரைக்கும் போகும்.

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் ஓனரம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கோடையில் கரிசல் தரை வெடித்தபோது அந்தச் சுவரும் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது. ஐப்பசி மழை அதன் வழியே இறங்கி, நான் படுக்கிற இடத்துக்கு நேராகக் கறுப்பாய்ப் பூசணம் பூத்தது. என் பழைய இருமல் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "ஈரமில்லாத வீட்டுக்கு மாறிருங்க" என்றார்.

"அது எந்தக் கடையில கிடைக்கும்னும் எழுதிருங்கம்மா" என்றார் என் கணவர்.

முந்தின வீட்டில் என் இருமலைக் கேட்டுத்தான் காலி பண்ணச் சொன்னார்கள். இந்த வாடகைக்கு இன்னொரு வீடு ஊருக்குள் கிடையாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெறும் தண்ணீரோடு குக்கரை அடுப்பில் வைப்பேன். விசில் வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். விசில் அடித்ததும் ஆசை தீர இருமுவேன்.

"ஏட்டி, உனக்கு எங்க இருமல்? சளி நம்ம குக்கருக்குல்லா பிடிச்சிருக்கு" என்பார் அவர்.

ஒருநாள் காலையில் பாதியில் கேஸ் தீர்ந்துபோனது. விசில் வரவில்லை. இருமல் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் வாசலில் ஓனரம்மா.

"என்னக்கா, இன்னைக்கு விசில் இல்லாம வருது?"

"காலி பண்ணச் சொல்லிராதிய" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அவள் சுவரைப் பார்த்தாள். "அங்கனயும் இதே சுவருதான. நான் மிக்சியப் போட்டுட்டு இருமுதேன். உங்க காதுல விழுந்தா சுவரப் பூசச் சொல்லுவியள்லா, அதான்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினோம்.

"வாடகையக் கூட்டாமப் பூசுங்க" என்று சொல்லிவிட்டேன். இது கேட்டுவிட்டது.

"யாத்தி, உங்களுக்கு இவ்வளவு சத்தம் வருமா! சரி, தை வரைக்கும் கூட்டல. பொறவு பாப்போம்."

மழை நிற்கட்டும் என்கிறார் கொத்தனார். அதுவரைக்கும் குக்கர் இல்லாமலேயே இருமுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருகிறது.