கைக்கு வராத பாசிக் காசு

மூன்று வருடங்களுக்கு முன்பு மண்டபம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தேன். ரொக்கப் புழக்கத்தைக் குறைத்து, எல்லாரையும் கணக்கு வழியாகவே கொடுக்கல் வாங்கல் செய்ய வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நான் சும்மா இருப்பேனா? கடற்கரையிலேயே முகாம் போட்டு, கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். பாசி வாங்கும் வியாபாரியிடமும் பேசி, பணத்தைக் கணக்கிலேயே போடச் சம்மதிக்க வைத்தேன்.

ஒரு பெண் மட்டும் முரண்டு பிடித்தார். "எனக்குக் காசாக் கையில வந்தாத்தான் மேடம் சரிப்படும்" என்றார். ஏன் என்று கேட்டிருக்கலாம். விவரம் தெரியாதவர் என்று நானே முடிவு கட்டி, அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். அவரிடம் போன் கிடையாது. அதனாலென்ன என்று கணவரின் எண்ணை எழுதி, அந்தப் போனிலேயே பணம் அனுப்பும் வசதியையும் போட்டுக் கொடுத்தேன். அன்று எனக்கு அப்படியொரு பெருமை.

இரண்டு மாதம் கழித்து அவர் வங்கிக்கு வந்தார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் பணம் கட்ட மறுநாள் கடைசி நாள். கணக்கைத் திறந்து பார்த்தால், துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. அவ்வளவும் கணவரின் போன் வழியாகப் போயிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "முன்னெல்லாம் அரிசிக்குள்ள, தலகாணிக்குள்ளன்னு ஒளிச்சு வப்பேன். குடிக்கக் காசு தேடிச் சலிச்சுப்போயி அவரு படுத்துருவாரு. இப்ப நான் கரையேறித் தலை துவட்டுறதுக்குள்ள அவருக்கு மெசேஜ் போயிருதுல்ல" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நானே கட்டிவிடுகிறேன் என்றேன். "வேணாம் மேடம், நாளப்பின்ன உங்க மூஞ்சியில முழிக்கணும்ல" என்று மறுத்துவிட்டார்.

காதில் கிடந்த தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நகைக்கடன் படிவத்தை நான் எடுத்ததும், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"இதயாச்சும் கையில குடுப்பீகளா?"

கையில்தான் கொடுத்தோம். கணவரின் எண்ணையும் அன்றே நீக்கினேன். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. நானும் மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போதும் ஒரு பெண்ணின் படிவத்தில் போன் நம்பர் எழுதும் முன், "இந்தப் போன் யார் கையில இருக்கும்?" என்று கேட்டுவிடுகிறேன்; அன்று அதைக் கேட்காமல் விட்டதால், ஒருத்தி மூளிக் காதோடு என் முன்னாலிருந்து எழுந்து போனதை மறக்க முடியவில்லை.