‘ஆளைச் சரிபார்க்கும்’ என்ற இரண்டு சொல்

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் செல்வராணி தன் ஏப்ரனையும் தொப்பியையும் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“இந்தாங்க அண்ணே, எடுத்து வச்சுக்குங்க. நான் போறேன்.”

“எங்க?”

“வீட்டுக்கு. நிப்பாட்டிட்டாங்க.”

“யாரு நிப்பாட்டினது?”

“போன்.”

மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் நான் கேட் காவலுக்கு வாச்சராக இருக்கும் வாசனைத் திரவிய பெக்டரியில், செல்வராணி ஏழு வருடமாக மிளகு தரம் பிரிக்கிறார். உக்குவளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒரு நாள் பிந்தி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் இடத்தில் யாரையும் முகத்துக்கு நேரே சொல்லி வேலையிலிருந்து நிறுத்த மாட்டார்கள். சீசனுக்குச் சீசன் கேட்டில் ஒரு பெயர்ப் பட்டியல் தொங்கும். பெயர் இருந்தால் உள்ளே. இல்லாதவர் ஏப்ரனை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போக வேண்டும். அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். இந்த ஏற்பாட்டுக்குப் பழகிய ஒருவரிடம் போன் ‘இல்லை’ என்றால் அவர் என்ன நினைப்பார்?

போனை வாங்கிப் பார்த்தேன். போன மாதம் ஒபிஸில் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டிருக்கிறார்கள். லீவு, ஷிப்ட் எல்லாம் போனில் அதனிடம்தான் கேட்க வேண்டும். தமிழில் எழுதினால் தமிழில் பதில் வரும். மகளைக் கண்டியில் உள்ள கிளினிக்குக்குக் கூட்டிப் போக வியாழக்கிழமை ஒரு நாள் லீவு வேண்டும் என்று செல்வராணி எழுதியிருந்தார். பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது எழுதியது:

‘மன்னிக்கவும். நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல. வேறு ஏதாவது உதவி தேவையா?’

“இதுக்கு மேல என்னத்த உதவி செய்யப் போகுதாம்?” என்றார் செல்வராணி. அழவில்லை. “காலையில தோட்டத்துக் கங்காணிகிட்ட பேர் குடுக்கணும் அண்ணே. நாளைக்கு விட்டா கொழுந்து பறிக்கவும் எடுக்க மாட்டாங்க.”

மாடியில் இருக்கும் ஒபிஸுக்கு நான் போவது குறைவு. பாம்பு வந்தால் போவேன். கூப்பிட்டால் போவேன். அன்று கூப்பிடாமலே போனேன்... செல்வராணி பின்னால் வந்தார்.

அந்த உதவியாளரை அமைத்தவர் நிரஞ்சனி மிஸ். மாத்தளை டவுன் பிள்ளை. கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். செல்வராணியின் பெயர் இருந்தது, படமும் இருந்தது.

“அக்கா, நீங்க போன கிழமை மாத்தின பாஸ்வேர்டைப் போடாம பழசைப் போட்டிருக்கீங்க. அவ்வளவுதான்.”

“ஒரு தடவைதானே மிஸ் போட்டேன்?”

“நீங்க ஒரு தடவை. அது அஞ்சு தடவை. தப்புன்னு வந்ததும் அதுவே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கு. அக்கவுண்ட் லொக் ஆயிருச்சு.”

“ஏன் அப்படிச் செஞ்சுச்சு?” என்று நான் கேட்டேன்.

“செய்ய வேணாம்னு நான் எழுதல அண்ணே.”

மிஸ் விளக்கிச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. அந்த உதவியாளரிடம் சில கருவிகள் இருக்கின்றன. லீவு பதிய ஒன்று, ஷிப்ட் பார்க்க ஒன்று, பாஸ்வேர்ட் பார்க்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது, வருகிற பதிலுக்கு என்ன அர்த்தம் என்று அது முடிவு செய்கிறது. பாஸ்வேர்ட் கருவிக்கு மிஸ் எழுதியிருந்த விளக்கம் இவ்வளவுதான்: ‘ஆளைச் சரிபார்க்கும்.’ கருவி தரும் பதில் ஆம், அல்லது இல்லை.

ஆளைச் சரிபார்த்தது, ‘இல்லை’ என்று வந்தது. எனவே ஆள் இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

என் அடுத்த ஷிப்டுக்கு வருபவர் பண்டார. இரண்டு நிமிடம் சந்திப்போம். மற்றதெல்லாம் கேட்டில் எழுதி வைக்கும் கொப்பியில்தான். ஒரு முறை ‘பின் கேட் பூட்டு பழுது’ என்று சிங்களத்தில் எழுதி வைத்தேன். மறுநாள் பார்த்தால் கீழே அவர் எழுதியிருந்தார்: ‘ஆம், பழுது.’ கேட் திறந்தபடியே கிடந்தது. அவர் மேல் என்ன குற்றம்? அதன் பிறகு எழுதுவது இப்படி: பூட்டு பழுது. சங்கிலி போடவும். சங்கிலி இல்லையென்றால் போன் எடுக்கவும். நீங்களாக ஆணி அடிக்க வேண்டாம்.

கடைசி வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

இதை மிஸ்ஸிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

“சொல்லுங்க அண்ணே. பண்டாரவுக்கு எழுதுற மாதிரியே எழுதுவோம்.”

கருவி தரும் பதிலையும் மாற்றி மிஸ் எழுதியது இது: பெயரும் பாஸ்வேர்டும் பொருந்துகின்றனவா என்று மட்டும் இந்தக் கருவி பார்க்கும். ஆள் வேலையில் இருக்கிறாரா என்பது இதற்குத் தெரியாது. அவர் ஒரு தடவை கொடுத்தால் ஒரு தடவை மட்டும் போட்டுப் பார். நீயாக ஊகித்துப் போடாதே. பதில் மூன்று: பொருந்துகிறது, பொருந்தவில்லை, பூட்டியிருக்கிறது. பூட்டியிருந்தால் ஒபிஸுக்கு அனுப்பு.

“பொருந்தலன்னா பேர் பிழையா, பாஸ்வேர்ட் பிழையான்னு சொல்லக் கூடாது” என்று மிஸ் ஒரு வரி சேர்த்தார். “கள்ளனும் கேப்பான்.”

சரிதான். கேட்டில் வந்து ‘இன்னார் உள்ளே இருக்கிறாரா’ என்று கேட்பவனுக்கு நானும் சொல்வதில்லை.

“இப்ப கேட்டுப் பாருங்க அக்கா. நான் இன்னும் அக்கவுண்ட் பூட்டைத் திறக்கல.”

செல்வராணி லீவைப் பற்றிக் கேட்கவில்லை. பழைய பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டு, ‘நான் வேலையில இருக்கேனா இல்லையா?’ என்று எழுதினார்.

‘உங்கள் கணக்கு பூட்டியிருக்கிறது. நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. ஒபிஸில் கேளுங்கள்.’

“ஒபிஸிலதான்டா நிக்கிறேன்” என்று போனிடம் சொன்னார் செல்வராணி. பிறகு தலையை நிமிர்த்தினார். “இருக்கேனா மிஸ்?”

“இருக்கீங்க அக்கா.”

செல்வராணி அப்போதுதான் அழுதார்.

ஏழு வருடத்தில் அதை ஒருவர் வாயால் சொல்லி அவர் கேட்டதில்லை. எங்கள் மேலும் குற்றமில்லை... சொல்ல வேண்டும் என்று யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை.