ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டிகள்

ஆயுத பூஜை முடிந்த வாரத்திலேயே இலைகள் கரைய ஆரம்பித்தன. காலையில் நான் வேலைக்குப் போனபோது தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஒரு இலையைத் தொட்டேன், வெந்த கீரை மாதிரி கையோடு வந்தது. எல்லாத் தொட்டியிலும் இதே கதை.

லப்பைக்குடிக்காட்டில் ஜமால் பாய் வைத்திருந்த நாற்றுப் பண்ணை அது. மீன் தொட்டிகளுக்குள் வைக்கிற செடிகளை வளர்த்துச் சென்னைக்கு அனுப்புவோம். அதில் முக்கியமானது நாட்டு அதிவிடயம். ஓடைச் சேற்றில், வருஷத்தில் பாதி நாள் தண்ணீருக்குள்ளும் பாதி நாள் வெளியிலுமாக வளரும் செடி. இப்போது ஓடைகளில் தேடினாலும் லேசில் கிடைக்காது. இலை அலையலையாக இருப்பதால் எங்களுக்குள் அதன் பெயர் சுருட்டை. வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவள் நான். சேற்றுச் செடியை வளர்க்கச் சம்பளம் தருகிறேன் என்று பாய் சொன்னபோது சிரிப்புத்தான் வந்தது.

பாய் துபாயில் பல வருஷம் இருந்தவர். இனிமேல் போவதில்லை என்று மனைவி மும்தாஜ் அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பண்ணையை ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து இருந்ததைவிடப் பிரிந்து இருந்ததுதான் அதிகம். பண்ணை நிலைத்து நின்றால் அவரும் ஊரில் நிற்பார், படுத்தால் மறுபடி விமானம்தான். இது வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கழுவியது

பூஜையைப் பற்றித் தயங்கித்தான் கேட்டோம். பாய் எங்களைவிட உற்சாகமாகிவிட்டார்.

"உங்க பண்டிகை ராசாத்தி, ஒரு கொறையும் இருக்கக் கூடாது. தொட்டியெல்லாம் பளபளன்னு இருக்கணும். பொரிகடலைக்கு நான் சொல்லிட்டேன்."

மண்வெட்டி, கத்தரி, மோட்டார் எல்லாவற்றையும் கழுவிய கையோடு சுருட்டையையும் பிடுங்கினோம். வேரை அலசி, தொட்டியைத் தேய்த்து, புது மண் போட்டு, போர் தண்ணீர் விட்டுத் திரும்ப நட்டோம். சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

வேரை அசைத்தால் இந்தச் செடிக்கு ஆகாது, தண்ணீர் மாறினால் இலையை உதிர்த்துவிடும் என்பதெல்லாம் அன்று பாய் உட்பட ஒருத்தருக்கும் தெரியாது. கேரளாவிலிருந்து வேர் மண்ணோடு வந்ததை அப்படியே இறக்கி வைத்திருந்ததால், அதுவரை தெரிய வழியும் இல்லை.

கொட்டச் சொன்னது

சரக்குப் பார்க்கச் சென்னைக் கடைக்காரர் வந்தார். "என்ன பாய், வெறும் சேறா இருக்கு? இதையா நான் வாங்கறது?" என்றவர் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்.

பாய் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சில நாள் கழித்து, பழைய முதலாளியிடம் விசா பேசிவிட்டதாகச் சொன்னார். "தொட்டியக் கொட்டிடுங்க" என்றார்.

சேற்றை அள்ளக் கையை விட்டேன். அடியில் கிழங்கு கெட்டியாக இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை.

"பாய், அடியில உசுரு இருக்குங்க. கொஞ்ச நாளு வுட்டுப் பாப்போங்க."

"ஆறுதல் சொல்லாதம்மா. இன்ஷா அல்லாஹ், அங்க போயி சம்பாரிச்சுக்கறேன்."

குனிந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார். மும்தாஜ் அக்கா என்னிடம் வந்து, "அவரு போறதுன்னா போகட்டும். நீ தொட்டிய மட்டும் கொட்டாத" என்றார். பாயை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியதும் உள்ளே போய் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் சேற்றிலிருந்து நூல் மாதிரி இலைகள் எழும்பின. பிறகு தொட்டிக்குள் மண் தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டன. சென்னைக் கடைக்காரரே திரும்ப வந்தார்.

பாய் போன் செய்தபோது அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். அந்தக் கால செல்போனில் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

"எல்லாத் தொட்டியும் ரொம்பிருச்சு. எல போனதும் செத்துப்போச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

பாயின் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே மும்தாஜ்."

அந்த இரண்டு வருஷமும் பண்ணையை அக்காவும் நானும் நடத்தினோம். ஆயுத பூஜைக்குத் தொட்டிகளின் வெளிச்சுவரில் மட்டும் சந்தனம் வைப்போம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இலையை மட்டும் பார்த்துச் செடியைக் கொட்டாதீர்கள், சேற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். பாய் அன்றைக்குக் கையை நனைத்திருந்தால், அக்கா இரண்டு நோன்புப் பெருநாளைத் தனியாகக் கழித்திருக்க மாட்டார்.