மகா, ரூம் பன்னிரண்டு

நீலசந்திராவில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியொன்றைப் பதினோரு வருடமாகக் கவனித்துவருகிறாள் பெர்னதெத். கணவர் தவறியபின் ஏற்றுக்கொண்ட வேலை. யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று வெளியாட்களிடம் அவள் வாய் திறந்ததே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சஹானா என்ற பெண்ணைப் பார்க்க அவளுடைய அப்பா வந்திருந்தார். பேரனின் வீடியோவைக் கூடத்து டிவியில் போட்டுக் காட்டலாமென்று, சுவரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து வைஃபையில் சேர்ந்தார்.

"ஏம்மா, இதுல ரெண்டு பேரு காட்டுது. ஹால் டிவின்னு ஒண்ணு, 'மகா ரூம் பன்னெண்டு'ன்னு ஒண்ணு. எதுல போடணும்?"

பெர்னதெத்துக்குத் திக்கென்றது. அடித்துத் துவைத்த கணவனுக்குத் தெரியாமல் வந்து தங்கியிருப்பவள் மகா. அறையில் பாட்டுக் கேட்க அவள் வைத்திருந்த ஸ்பீக்கர், அவள் பெயரையும் அறை எண்ணையும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது!

நெட்வொர்க் பார்க்கும் நரேஷைப் போனில் பிடித்தாள். "எல்லாத்தையும் நிறுத்திடுப்பா. வைஃபைல இருக்கற எந்த மிஷினும் இன்னொண்ணு கண்ணுல படக்கூடாது." அவனும் இருந்த இடத்திலிருந்தே நிறுத்திவிட்டான்.

மறுநாள் காலை மகாவே பதறிக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, பத்தரைக்கு இன்டர்வியூ. சர்ட்டிஃபிகேட் எல்லாம் பிரின்ட் எடுக்கணும். போன்ல பிரின்டரே காட்டமாட்டேங்குது!"

பெர்னதெத் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பேரு நான்தான் வச்சேன் ஆன்ட்டி. வெளிய தெரியும்னு தோணவே இல்ல."

திரும்பத் திறந்துவிடவும் பயம், மூடியே வைக்கவும் மனம் வரவில்லை. மறுபடி நரேஷுக்குப் போன் போனது. அரை மணியில் பைக்கில் வந்து நின்றான்.

"ஒரேயடியா மூட வேணாம் ஆன்ட்டி. விசிட்டர்ஸுக்குத் தனி வைஃபை போட்டுத் தரேன், அதுல ஹால் டிவி மட்டும் தெரியும். இங்க தங்கியிருக்கறவங்களுக்கு பிரின்டரும் தெரியும். ரூம்ல இருக்கற எதுவும் யாருக்கும் காட்டாது."

"அப்போ என் ஸ்பீக்கர்?" என்றாள் மகா.

"போன்லேர்ந்து நேரா புளூடூத்ல போட்டுக்குங்க. மொதல்ல பேர மாத்துங்க."

அங்கேயே நின்று அதற்குக் 'கறிவேப்பிலை' என்று பெயர் வைத்தாள் மகா. கொஞ்ச நேரத்தில் பிரின்டர் உறுமியது. காகிதங்களை வாரிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

பெர்னதெத் சுவரிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டாள். தன் போனைப் புது வைஃபையில் சேர்த்து, இரண்டு தடவை தேடினாள். ஹால் டிவி. வேறொன்றும் இல்லை.

"இட்லி இருக்கு, உக்காருப்பா. நேத்து மத்தியானத்துலேர்ந்து நானும் சாப்பிடல" என்று நரேஷுக்கும் தட்டு வைத்தாள்.