முப்பத்தொரு பேருக்கும் ஒரே சொல்

மீன்கார அக்காவை நான் முதலில் பார்க்கப் போனதே சண்டை போடத்தான்.

அருமனையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. நான் வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் எட்டரைக்கு எனக்கு மீட்டிங். தினமும் எட்டரைக்கு ஜன்னலுக்குக் கீழே "மீனோய், சாளை நெத்திலியோய்!" என்று ஒரு குரல். மைக்கில் அது பெங்களூர் வரைக்கும் போகும். ஒருநாள் மேலதிகாரி "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. மீட்டிங் முடிந்த கையோடு படியிறங்கினேன்.

கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அலுமினியச் சருவம் நிறைய மீன். சேலையை முட்டுவரை தூக்கி, வீங்கிய முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கலாம்.

"அக்கா, இங்க நின்னு கூவாதீங்க. எனக்க வேலை கெடுகு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கூவலைன்னா மீனு போவாது மக்கா. நடக்கலைன்னாலும் போவாது. இதுல ஒண்ண நிறுத்த வழி இருந்தா சொல்லு, இன்னைக்கே நிறுத்துகேன். முட்டு ரெண்டும் போச்சு."

மேலே வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு படியேறி வந்துவிட்டது. கூவாமல், நடக்காமல் மீன் விற்க வேண்டும். அவளிடம் ஒரு போன் இருக்கிறது, வாங்குகிற வீடுகளிலும் போன் இருக்கிறது. நடுவில் இருக்கிற வேலையைச் செய்ய எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு எழுதப் படிக்க வராது. அதனால் ஒரே ஒரு பெரிய பொத்தான். அதை அமுக்கிப் பேச வேண்டும்: "சாளை வந்திருக்கு, கண்ணு தெளிஞ்சு கெடக்கு, வாங்கோ." அந்தக் குரல் அவள் வழக்கமாகப் போகும் வீடுகளின் போனுக்கெல்லாம் போய்ச் சேரும். அவர்கள் பாத்திரத்தோடு எங்கள் படிக்கட்டுக்கு வருவார்கள். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டாம். அவ்வளவுதான் ஆப். கடியப்பட்டணத்தில் கரை ஏலத்தில் மீன் எடுத்து அவளோடு ஒரே டெம்போவில் வரும் பெண்கள் இதைப் பார்த்தார்கள். எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஆளுக்கொரு வழித்தடம். மொத்தம் முப்பத்தொரு பேர் ஆனார்கள்.

நான் நாஞ்சில் நாட்டு வயல்காட்டுச் சைவக் குடும்பம். சாளைக்கும் அயிலைக்கும் வித்தியாசம் இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. அம்மா போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "கருவாட்டு மணம் வந்தாலே தெரு மாறி நடக்குற குடும்பம். நீ மீனுக்கு ஆப் செய்யுகியா? வெளிய சொல்லிராத, கேட்டியா?" அடுத்த வாரத்துக்குள் அவளே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

ஆப் ஜனங்களின் போனுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு பெரிய கடை வழியாகத்தான் போக வேண்டும். போன் வாங்கும்போதே அந்தக் கடையும் உள்ளே இருக்கும். பெயர் எதற்கு, உங்கள் கையிலேயே இருக்கிறது. மாட்டுச் சந்தையில் அநியாயம் நடந்தால் சந்தைக் குத்தகைக்காரன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம். இந்தச் சந்தையில் முகமே கிடையாது. அடையாள அட்டை, முகவரி, பணம் எல்லாம் கொடுத்து, பக்கம் பக்கமாக விதிகளுக்குச் சம்மதம் சொல்லித்தான் நானும் உள்ளே போனேன்.

போன பிறகு ஒரு சிக்கல். புது ஆப் என்பதால் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. "நாலு பேரு நல்லதுன்னு எழுதலியே, போன்ல உள்ள காசு போயிருமோ" என்று மீன் வாங்கும் வீட்டுப் பெண்கள் பயந்தார்கள். நான் அக்காவிடம் சொன்னேன், "எல்லாரையும் ரெண்டு வார்த்தை எழுதிப் போடச் சொல்லுங்க." நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

ஒரு ஞாயிறு கழிந்தது. திங்கட்கிழமை பார்த்தால் முப்பத்தொரு பேரும் ஐந்து நட்சத்திரம். எண்ணிக்கையைப் பார்த்தே துள்ளிக் குதித்தேன். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

புதன்கிழமை காலை அந்தப் பெரிய கடையிலிருந்து கடிதம் வந்தது. ஆப்பை நீக்கிவிட்டார்கள். என் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். காரணம், "போலி மதிப்பீடுகள்". ஏற்கெனவே ஆப்பை வைத்திருந்த வீடுகளின் போனில் சிவப்பு எழுத்தில், இது ஆபத்தானது, அகற்றிவிடுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. ஆபத்தாம்! சாளை வந்திருக்கு என்று சொல்வதில் என்னடா ஆபத்து?

அன்றைக்கு அக்கா படியில் உட்கார்ந்து பத்து மணி வரை பொத்தானை அமுக்கி அமுக்கிப் பேசினாள். யாரும் வரவில்லை. மீன் இளகத் தொடங்கியது. பிறகு சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். முக்கு திரும்பும்போது பழைய கூவல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

முறையீட்டுப் படிவம் ஒன்று இருந்தது. என்ன தப்பு நடந்தது என்பதை அவர்கள் கொடுத்த பட்டியலிலிருந்து நான் தேர்ந்தெடுக்க வேண்டும். "தப்பே நடக்கவில்லை" என்பது பட்டியலில் இல்லை. கடைசியில் "மற்றவை" என்று போட்டு, முட்டுவலி முதல் பொத்தான் வரை எல்லாம் எழுதினேன். நாலு நிமிடத்தில் பதில் வந்தது: "உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை." நாலு நிமிடத்தில் எதைப் பரிசீலித்தார்கள்? கால் கிலோ வெண்டைக்காய் நறுக்க எனக்கு அதைவிட நேரம் ஆகும்.

எந்தப் போலி, யாருடைய போலி என்று தெரியாமல் பஸ் பிடித்துக் கடியப்பட்டணத்துக்குப் போனேன். அங்கே ஒரு சின்ன போன் கடை. பெண்களுக்கெல்லாம் போன் விற்றவரும் ரீசார்ஜ் செய்கிறவரும் அவர்தான். அவர் பெருமையாகவே சொன்னார்.

"எல்லாம் நான்தான் மேடம் போட்டுக் குடுத்தேன். சர்ச்சுல பூசை முடிஞ்சு எல்லாரும் ஒக்க வந்துட்டாளுவ. என்ன எழுதணும்னு கேட்டேன். அரை மணிக்கூறு அவளுவளுக்குள்ள சண்டை. கடைசில ஒரு சொல்லு முடிவாச்சு. அதையே முப்பத்தொரு போன்லயும் அடிச்சேன்."

போனில் காட்டினார். "நல்ல ஆப். மீன் சீக்கிரம் விக்குது. கால் நோவு குறைஞ்சது." முப்பத்தொரு தடவை அதே மூன்று வாக்கியம். ஒரே கடையின் வைஃபையிலிருந்து. போதாததற்கு, போன் விற்கும்போது கணக்குகளைத் திறந்து கொடுத்ததும் அவரே. எல்லாவற்றுக்கும் அவர் கடை நம்பர். எல்லோருக்கும் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. வருஷப் பிறப்பன்று முப்பத்தொரு பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்து வரும். அப்போதெல்லாம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் கத்திவிட்டேன். "அறிவிருக்கா ஒங்களுக்கு? ஆளுக்கொரு மாதிரி எழுதக் கூடாதா?"

அவர் நிஜமாகவே விழித்தார். "அதெப்படி மேடம்? கடல் அரிப்புக்குக் கலெக்டர்ட்ட மனு குடுத்தப்பம் ஊருக்கே ஒரே எழுத்துத்தானே? பூசைக்குப் பொறவு வாசிச்சு, எல்லாரும் கேட்டு, செரின்னு சொன்ன பொறவுதான் ஒப்பு போட்டோம். ஆளுக்கொண்ணு எழுதினா, இவனுவளுக்குள்ளயே ஒத்துமை இல்லன்னு தூக்கித் தூரப் போட்டிருவாங்க. ஒரே சொல்லா இருந்தாத்தானே நம்புவாங்க?"

இந்தக் கரையில் ஒரே சொல் என்றால் சத்தியம். அந்தப் பெரிய கடையில் ஒரே சொல் என்றால் திருட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தால் இதை விளக்கியிருக்கலாம். மனிதன்தான் இல்லையே.

பெங்களூரில் ஒரு நண்பன், அவனும் சொந்தமாக ஆப் செய்கிறவன். அவனுக்குப் போன் செய்தேன். "இன்னொரு படிவம் இருக்கு. தப்பை ஒத்துக்கிட்டு எழுதினா சில நேரம் திருப்பிக் குடுப்பாங்க. நாங்க எல்லாம் எழுதிருக்கோம். ரோஷம் பார்க்காத" என்றான். படிவத்தைத் திறந்தேன். மதிப்பீடுகள் பொய்யானவை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் எழுதியவர்களின் கணக்குகளைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். மூடப் போனேன். ஆனால் அக்கா அன்றைக்கும் நடந்துகொண்டிருந்தாள். என் ரோஷத்துக்கு அவள் முட்டி ஏன் தேய வேண்டும்? அவளையே கேட்டேன். அவள் படியில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்துக்கிட்டா திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்கலாம்."

"நாங்க சொன்னது பொய்யின்னு எழுதணும்."

"ஆமா."

"எவ எவ சொன்னான்னு பேரும் குடுக்கணும்."

"ஆமாக்கா."

தைலக் குப்பியை மூடி வைத்தாள். "கால் நோவு குறைஞ்சது நெசம்தானே மக்கா? அதப் பொய்யின்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு மீனு நல்லதான்னு கேக்கவளுக்கு நான் எந்த வாயால பதில் சொல்ல? வேண்டாம். நான் நடக்கேன்."

படிவத்தை மூடினேன். அந்தக் கடையிடம் இனி ஒரு வார்த்தை கெஞ்சுவதில்லை என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தேன். இவர்கள் கதவைச் சாத்தினால் ஊரில் வேறு வழியே இல்லையா?

மூன்று வாரத்தில் அதே வேலையைச் செய்யும் வெப்சைட் ஒன்றை எழுதினேன். கடையில் போய் எடுக்க வேண்டாம், தொட்டால் திறக்கும். ஆப் அளவுக்குச் சொகுசு இல்லை, வீடுகளில் சேதி மணி கொஞ்சம் தாமதமாகத்தான் அடிக்கும். ஆனால் அடிக்கும். கியூஆர் கோடை அச்சடித்து, மீன் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் ஒட்டி, சருவத்தின் பக்கவாட்டில் ஒட்டினோம். இனி ஒவ்வொரு வீடாகப் போய் மறுபடியும் சேர்க்க வேண்டும். அக்கா முட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சருவத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம். எட்டரை மீட்டிங்குக்கு முன்னால் இரண்டு மணி நேரம். அக்கா கூவ, நான் சருவத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது மீன் தண்ணீர் சுடிதாரில் வழியும். வாசல் வாசலாக நின்று, "அது ஆபத்தில்லைங்க, நான்தான் செஞ்சேன்" என்று சொன்னேன். சிலர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை நீட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போனேன்.

செய்தி அம்மாவுக்கு எப்படியோ போய்விட்டது. "சொமந்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெரிய வசவுக்குக் காதைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, பாரம் ரொம்பவா?" என்றாள்.

எட்டாம் நாள் அக்கா படியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். ஒன்பதுக்குள் சருவம் காலி. மற்றப் பெண்களும் அவரவர் வழித்தடத்தில் வீடுகளைச் சேர்த்து முடித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எவன் தயவும் இல்லாமல் நடத்திக் காட்டினோம் என்று வீட்டுக்காரரிடம் மூன்று நாள் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவின் போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏட்டி, என்ன வேலை காணிச்சிருக்க? புதுசுல எழுத எடம் வச்சிருக்கியேன்னு எல்லாரும் வந்து நிக்கோம். எனக்கது மட்டும் ஏறிச்சு. மத்தவளுவளுக்கு ஒண்ணுக்கும் ஏற மாட்டேங்குது. நீயும் அடைச்சிட்டியா?"

போன் கடைக்காரர் வாங்கிப் படித்தார். "'இதே கருத்து ஏற்கெனவே பதிவாகியுள்ளது. வேறு சொற்களில் எழுதவும்'னு வருது மேடம்."

எனக்கு முகம் எரிந்தது. அந்த வரியை எழுதியது நான். யாரும் கேட்கவில்லை. கருத்துப் பகுதி என்றால் இது வேண்டும் என்று கைப்பழக்கத்தில், யோசிக்காமல் எழுதியிருந்தேன். அந்தப் பெரிய கடையில் உட்கார்ந்து எவனோ எழுதியதும் இதே வரியாகத்தான் இருக்கும். அவனும் யோசித்திருக்க மாட்டான். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த காவல்காரன் என் விரலுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

"வச்சிராதீங்கக்கா. ஒரு நிமிஷம்" என்றேன். அந்த வரியை அழித்தேன். "இப்பம் போடுங்க."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல ஆப். மீன் சீக்கிரம் விக்குது. கால் நோவு குறைஞ்சது. ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே வந்தது. முப்பத்தொன்று. ஓர் எழுத்து மாறவில்லை. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. யாராவது வந்து எடுக்கச் சொல்லட்டும், பார்க்கிறேன்.