வீட்டையும் கொண்டு வடக்கே போன நடேசு அண்ணை

நடேசு அண்ணை இறந்த செய்தி காலை இடைவேளையில் வந்தது. நான் பொதிகள் பிரிக்கும் மண்டபம் ஒன்றில் வேலை செய்கிறேன். பத்து நிமிடம்தான் இடைவேளை. தொலைபேசியில் அவருடைய மனைவி பேசினார். "தம்பி, உங்கட அண்ணை போயிட்டார். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவர். ஒரு சப்பாத்துத்தான் போட்டவர்" என்றார். அவர் அழவில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பது இன்றும் நினைவில் இல்லை. மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் திரும்பிப் போய் இன்னும் அரைமணி நேரம் பொதி பிரித்திருக்கிறேன்.

நடேசு அண்ணை என் பெரியம்மாவின் இரண்டாவது மகன். ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தில் பழைய கார் வைத்திருக்கும் தமிழர் எவருக்கும் அவரைத் தெரியாமல் இராது. வாகனத் திருத்தகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் எல்லோருடைய காருக்கும் அடியில் படுத்துக் கிடந்தவர்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு எங்கள் ஆட்கள் ஒரு நினைவுமலர் அச்சிடுவது வழக்கம். இறந்தவரின் படம், தேவாரம், வம்சாவளி, தெரிந்தவர்கள் எழுதும் கட்டுரைகள் எல்லாம் அதில் வரும். அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் ஸ்டுட்கார்ட்டில் பொறியியலாளனாக இருக்கும் அவருடைய தமையன் மகன் மகேசன் கிரியைகளையும் மலரையும் பொறுப்பெடுத்தான். எட்டாம் நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"சித்தப்பா, நீங்கள்தான் நல்லா எழுதுவியள். கொழும்பிலை வான் பிடிச்சு ஊருக்குப் போன அந்தப் பயணத்தை எழுதுங்கோ. சனத்துக்குப் பிடிக்கும். ஆனா சித்தியின்ரை பக்கத்தைத் தொடாதேங்கோ. அவவின்ரை ஆக்கள் ஆர் எவர் எண்டதெல்லாம் வேண்டாம்."

"ஏன்?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியும். வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும் என்றில்லை, ஆகவே மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணையின் மனைவி ராணி, எங்கள் ஆட்கள் தாழ்ந்தது என்று ஒதுக்கி வைத்த சாதியில் பிறந்தவர். விஷயம் இவ்வளவுதான். கணவனின் நினைவுமலரில் மனைவியின் வீட்டாருக்கு இடம் இல்லை என்று ஒரு பொறியியலாளன் ஜெர்மனியில் இருந்துகொண்டு சொல்கிறான். எனக்கு அருவருப்பாக இருந்தது. அஞ்சலிக் கட்டுரையில் எழுதக்கூடாத சொல் அது. ஆனால் வேறு சொல் என்னிடம் இல்லை.

அண்ணையும் ராணியும் எண்பத்தைந்தாம் ஆண்டு அகதிகள் விடுதி ஒன்றில் சந்தித்தவர்கள். ஒரு மாடிக்கு ஒரே சமையலறை. அந்தக் காலத்தைப் பற்றி அண்ணை சொல்லுவார்: "அடுப்பு ரெண்டு, பானை பதினாலு. ஆரின்ரை கை பட்ட பானை எண்டு பாக்க அங்கை ஆருக்கடா நேரம்? விசா கிடைச்சாப் பிறகுதான் எல்லாருக்கும் சாதி திரும்பி வந்தது." அவர்கள் நகரசபையில் பதிவுத் திருமணம் செய்தபோது எங்கள் உறவில் ஒருவரும் போகவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காவலாளியும் அவருடைய மனைவியும்.

பல வருடங்கள் அவர்களுக்கு அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இருக்கவில்லை. பக்கத்து நகரத்தில் பல் பிடுங்கவும் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். கடைசியில் வதிவிட அனுமதிக் கடதாசி கிடைத்ததும் மற்றவர்கள் வீடு பார்த்தார்கள், நகை வாங்கினார்கள். அண்ணை வாங்கியது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு பழைய கேரவன். கோடை முழுவதும் இருவரும் அதை இழுத்துக்கொண்டு வடகடற்கரைக்குப் போவார்கள். தண்ணீர்மட்டக் கருவி வைத்து அதை நேராக நிறுத்தி முடிக்கும்வரை அண்ணை யாரோடும் பேசமாட்டார். ராணி உள்ளே புட்டு அவிப்பார். பக்கத்துக் கேரவன் ஜெர்மன்காரர் மணம் பிடித்துக்கொண்டு தட்டோடு வந்துவிடுவார்களாம்.

எங்கள் சனம் இதற்கும் சிரித்தது. "முகாமிலை கிடந்தது காணாதெண்டு பெட்டிக்கை போய்க் கிடக்கினம்" என்று கோயில் வாசலில் சொன்னார்கள். நானும் சிரித்தவன்தான். தொண்ணூற்றொன்றில் நான் வந்து இறங்கியபோது ஆறு மாதம் எனக்குச் சோறு போட்டது அந்த வீடு. ஆனாலும் நான் ராணியை அக்கா என்றே கூப்பிட்டேன். தெருவில் போகிற எவரையும் அக்கா என்று கூப்பிடலாம். ஒருநாள் அண்ணை காருக்கு அடியில் இருந்தபடியே கேட்டார்: "அண்ணன்ரை மனிசியை மச்சாள் எண்டு சொல்ல உனக்கு வாய் கூசுதோ?" அன்றிலிருந்து மச்சாள் என்றேன். சொல்லை மாற்றுவது சுலபம்.

சமாதான காலத்தில் வடக்குக்குப் போகும் பாதை திறந்தது. இங்கிருந்து எல்லோரும் ஊருக்கு ஓடினோம். பெரியண்ணை, அதாவது மகேசனின் தகப்பன், ஊரிலிருந்து "இருவரும் வந்து எங்கள் வீட்டில் தங்கவேண்டும்" என்று கடிதம் எழுதினார். பதினெட்டு வருடத்தில் முதல் கடிதம் அது. அண்ணை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். இடப்பெயர்வில் எல்லாச் சாதியும் ஒரே பள்ளிக்கூடத் தரையில் படுத்து எழும்பியிருக்கிறது, இனியும் மாறாமல் இருப்பார்களா என்று என்னிடம் கேட்டார். ஆனால் கொழும்பில் இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை, ஒரு பழைய வானைப் பிடித்துப் பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, எரிவாயு அடுப்பும் தண்ணீர்க் கானும் திரைச்சீலையும் வைத்ததுதான். பிற்காலத்தில் ஒருமுறை சொன்னார்: "நம்பித்தான் போனனான். ஆனா வீட்டையும் கொண்டு போனனான்."

வழியில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்புச் சோதனைச் சாவடியிலும் வானை வெறுமையாக்கித் திரும்ப ஏற்றினார்களாம். ஒரு சிப்பாய் புட்டுக்குழலைக் கையில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம். மச்சாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இருபது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள்போல இருந்தார்கள். நான் ஒரு கிழமை முந்திப் போய்ப் பெரியண்ணை வீட்டில் நின்றேன். அந்த வான் படலைக்குள் நுழைந்ததைக் கண்ணால் கண்டேன்.

அது ஓகஸ்ட் மாதம். வளவெல்லாம் பனம்பழம் விழுந்து நசிந்து புளித்துக் கிடந்தது. இலையான் மொய்த்தது. எல்லோருக்கும் தேநீர் வந்தது. எனக்குக் கண்ணாடிக் குவளை. அண்ணைக்குக் கண்ணாடிக் குவளை. மச்சாளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. "வெளிநாட்டுச் சனத்துக்குக் கிருமி ஒத்துவராது, அதுதான் புதுசா வாங்கினது" என்றார் பெரியண்ணையின் மனைவி. நாங்கள் மூன்று பேரும் வெளிநாட்டுச் சனம்தான். அண்ணை தன் குவளையைப் பார்த்தார், அதைக் குடிக்காமல் கீழே வைத்தார். நான் பாதி குடித்திருந்தேன். மிச்சத்தையும் குடித்தேன்.

தங்குவதற்கு அறை ஒழுங்காகியிருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. அண்ணையும் கேட்கவில்லை. "நாங்கள் ஜெர்மன்காரர் மாதிரி, கேரவனுக்கைதான் நித்திரை வரும்" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார். அந்த வெக்கையில், அந்தப் புளித்த மணத்தில், வானின் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் படுத்தார்கள். எங்கள் வீட்டாருக்கு நிம்மதியாகப் போயிற்று.

மறுநாள் காலை மச்சாள் துவாயோடு கிணற்றடிக்குப் போனார். பெரியண்ணையின் மனைவி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நில்லுங்கோ, நான் அள்ளி ஊத்திறன்." மச்சாள் கையை இழுத்துக்கொண்டு நின்றார். அண்ணை பல் தீட்டிக்கொண்டு நின்றவர், வாயைத் துடைத்துவிட்டு வந்தார்.

"மச்சாள், கயித்தை விடுங்கோ" என்றார் தமையனின் மனைவியிடம்.

அவர் விடவில்லை. பெரியண்ணை வெளியே வந்து, "நடேசு, நீங்கள் நாலு நாளிலை போயிடுவியள். நாங்கள் இந்த ஊரிலை இருக்கவேணும்" என்றார்.

"இருங்கோ. நல்லா இருங்கோ" என்றார் அண்ணை. பத்து நிமிடத்தில் வான் போய்விட்டது. அது போன பிறகு பெரியண்ணை ஆள் பிடித்துக் கிணற்றை இறைப்பித்தார். மச்சாளின் கை கயிற்றில் படக்கூட இல்லை. இதைவிட அசிங்கமான ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன், அதைச் செய்தவனும் நானே.

மூன்றாம் நாள், கோயில் மடைப் படையலுக்கு அண்ணையை மட்டும் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மச்சாளின் தாய் தகப்பன் இருந்த ஊருக்குச் சைக்கிளில் போனேன். வேப்பமரத்தின் கீழ் வான் பூட்டியபடி நின்றது. அண்ணை வீட்டுக்குள் பாயில் சாரம் கட்டியபடி படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "இஞ்சை அவருக்கு வான் தேவையில்லை, தம்பி" என்றார் மச்சாள்.

மச்சாளின் தகப்பனுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "இருங்கோ தம்பி" என்று எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் எங்கோ போனார். எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்கமாட்டார்கள், மூடி உடைக்காத சோடாதான் குடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். என்முன்னே மூடியைத் திறந்தார். தோளில் கிடந்த துவாயால் போத்தலின் வாயைத் துடைக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா, வீட்டுத் தண்ணி தாங்கோ." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? நான் சொல்லவில்லை. சோடாவை வாங்கிக் குடித்தேன். எனக்குத் தண்ணீர் விடாய்கூட இருக்கவில்லை.

அண்ணை எழும்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒழுங்கை வரைக்கும் என்னோடு வந்தார். "அண்ணன் வீட்டிலை எனக்குக் கோவம் வந்தது, ராசன். உன்னைப் பாக்க அருவருப்பாக் கிடக்கு. நீ அவளின்ரை கையாலை ஆறு மாதம் திண்டவன். இருந்து சாப்பிட்டுப் போறதெண்டால் இரு. இல்லாட்டிப் போ" என்றார். நான் போனேன்.

அவர்கள் அங்கே எட்டு நாள் இருந்தார்கள். அண்ணை மாமனாரின் வீட்டுக்கு ஓடு மாற்றினார், அவரை வானில் முன்னுக்கு ஏற்றிக் கடற்கரையெல்லாம் சுற்றினார். இதெல்லாம் மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பீலெஃபெல்ட்டுக்கு வந்த பிறகும் என் கார் பழுதானால் அண்ணை வந்து திருத்தினார். வீட்டுக்குள் மட்டும் வரமாட்டார், கையைக் கழுவாமல் அப்படியே போய்விடுவார். ஒரு வருடம் பொறுத்து, தாங்கமுடியாமல் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்னட்டை ஏன் கேக்கிறாய்? அந்தக் கிழவனிட்டைப் போய்க் கேள்" என்றார். அடுத்த லீவில் போறன் என்று சொன்னேன். அடுத்த லீவில் வேலை மாறினேன். அதற்கு அடுத்ததில் திரும்பவும் போர் தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். போன வருடம் கிழவரும் கிழவியும் ஒருவர் பின் ஒருவராகக் காலமானார்கள். அண்ணையால் போக முடியவில்லை. எனக்குப் போகாமல் விட ஒரு காரணம் கிடைத்தது.

இனி அண்ணையின் மரண அறிவித்தலுக்கு வருகிறேன். இன்னார் தம்பதிகளின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர் என்று மகேசன் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தான். இன்னார் தம்பதிகளின் மருமகன் என்று எல்லோருக்கும் வரும் ஒரு வரி மட்டும் அதில் இல்லை. தகன மண்டபத்தில் மச்சாளை இரண்டாம் வரிசையில் இருத்தினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் அண்ணையின் பரந்த மனதைப் புகழ்ந்து பேசினார்கள்.

கட்டுரை எழுதும் முன் மச்சாளிடம் போனேன். எது எழுத வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டேன்.

"என்னைப் பற்றி எழுதாட்டிலும் பறவாயில்லை, தம்பி. அவர் என்ரை அம்மா அப்பாவின்ரை மருமகன் எண்டு எழுதுங்கோ. எட்டு நாள் எண்டாலும் வடிவா மருமகனா இருந்தவர்."

மகேசனுக்குச் சொன்னேன். "அந்தப் பேர் ரெண்டையும் போட்டால் ஆர் எவர் எண்டு எல்லாருக்கும் விளங்கிப்போயிடும், சித்தப்பா. மலரிலை போட ஏலாது" என்றான். விளங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் இந்தக் கட்டுரை மலரில் இல்லை. முப்பத்தோராம் நாள் மண்டப வாசலில் நானே நின்று உங்கள் கையில் தருகிறேன். வாங்க விருப்பமில்லாதவர்கள் வாங்காமல் போகலாம்.

அன்று மச்சாள் சொன்னதும் அந்த வரியை எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உணர்ந்தேன், அவர்களுடைய பெயர் எனக்குத் தெரியாது. மச்சாளைத் தெரிந்து பதினேழு வருடம். அவர்கள் வாசலில் அவர்கள் போட்ட கதிரையில் இருந்தவன். ஒருநாளும் கேட்டதில்லை. மச்சாளுக்கு விளங்கிவிட்டது. நான் வாய் திறந்து கேட்ட பிறகுதான் இரண்டு பெயரையும் சொன்னார்.

காலஞ்சென்ற சின்னான், பொன்னி தம்பதிகளின் அன்பு மருமகன் நடேசன் அவர்கள்.

அண்ணை, போயிட்டு வாங்கோ. அங்கே அவர்கள் இரண்டு பேரையும் கண்டால், ராசன் இப்போதுதான் பெயர் கேட்டவன் என்று சொல்லுங்கோ.